மொக்கையனின் இடது தோள்

யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் நான் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. சட்டைப் பையைத்தான் பார்ப்பேன். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண், தானும் கணவனுமாகக் கைபேசியில் எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டினாள். கணவனின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. "இது திருப்பிப் போட்ட படம் அம்மா" என்றேன். "போன்ல நம்மள நாமே எடுத்தா அப்படித்தான் அங்கிள் வரும், யாரும் கவனிக்கிறதில்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் இதைத் தன் நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஊர் ஊராகப் போய் உள்ளூர் வரலாற்றை ஆவணப்படமாக எடுப்பவராம். "அந்தக் காலத்தில் எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கேமரா முன்னால் கொஞ்சம் பேசுங்கள்" என்று கேட்டு வந்தார். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். கேமரா முன்னால் உட்கார்ந்தால் நானும் பொய்தான் சொல்வேன். முப்பத்தைந்து வருடம் அதன் பின்னால் நின்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான்கு வருடம் படம் கழுவினேன். பிறகு சென்னைக்குப் போய், ஆவணப்படம் எடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கேமரா உதவியாளனாகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலாளாக வாய்த்தவர் வரதன் சார். இயக்குநரும் அவரே, கேமராமேனும் அவரே.

சந்தேகப்படுவதை நான் அவரிடம்தான் கற்றேன். அவர் யாரையும் நம்ப மாட்டார். ஓட்டலில் காபி வந்தால் தம்ளரின் அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கொடைக்கானல் ஏரியில் படகுக்காரர் "இந்த இடத்துல ஆழம் நாப்பது அடி" என்றால், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்ப்பார். ஆனால் யாரையும் முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொன்னதில்லை. குரல் உயராது. "அப்படீங்களா, சந்தோஷம்" என்பார். அவர் சந்தோஷம் என்று சொன்னால் ஆளை நம்பவில்லை என்று அர்த்தம்.

பேட்டி எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரே கேள்வியை மூன்று நாளில் மூன்று தடவை, வேறு வேறு சொற்களில் கேட்பார். இடையில் மழை, பூண்டு விளைச்சல், மாட்டுக்கு வந்த நோய் என்று எதையாவது பேசுவார். கேள்விக்குள் பதில் இருக்கக் கூடாது. "நீங்க அழுதீங்களா?" என்று கேட்கக் கூடாது, "அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். ஊரில் பத்துப் பேர் ஒரே சொல்லில் ஒரே கதையைச் சொன்னால், அதை ஒரே ஒரு சாட்சியாகத்தான் எண்ண வேண்டும். ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் மனப்பாடம் செய்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் நான் குறிப்பேட்டில் எழுதுவேன். ஷாட் எண், லென்ஸ், தூரம், வெளிச்சம். கடைசியில் அவராகவே சேர்த்த ஒரு கட்டம், 'நம்பிக்கை'. அதில் சரிக்குறி, கேள்விக்குறி, பெருக்கல் குறி, மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். நான் அவரிடம் இருந்த வருடங்களில் சரிக்குறி போட்ட பக்கங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பழைய மலைப்பாதையைப் பற்றி ஒரு படம் எடுக்க எங்களுக்கு வேலை வந்தது. வத்தலக்குண்டிலிருந்து காட் ரோடு போடுவதற்கு முன்னால், கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரியகுளம் பக்கமிருந்து அடுக்கம் வழியாகத்தான் ஏறுவார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் போனார்கள், துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலியில் போனார்கள். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நீளமான கம்பு. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோளில் தூக்குவார்கள். அப்படித் தூக்கியவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு, ஜீப்பை விட்டுவிட்டுச் சாமான்களைத் தலைச்சுமையாக ஏற்றி அடுக்கத்துக்குப் போனோம்.

இருந்தது ஒருவர். பெயர் மொக்கையன், எழுபது வயதுக்கு மேல். ஊரின் கோடியில் தனியாக இருந்தார். அவர் வீட்டைக் காட்டச் சொன்னபோது காட்டியவரின் முகம் போன போக்கே சரியில்லை. "அவருகிட்டயா? அவரு சொல்றத எழுதிக்கிடுங்க. நம்புறது ஒங்க சோலி" என்றார். வரதன் சார் என்னைப் பார்த்தார். எனக்கும் மூக்கு வேர்த்தது.

மொக்கையன் நன்றாகப் பேசினார், அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தூக்குகிறவர்கள் எப்போதும் கம்புக்கு வெளிப்பக்கம்தான் நிற்பார்களாம். வலப் பக்கக் கம்புக்காரனுக்கு இடது தோள், இடப் பக்கக் கம்புக்காரனுக்கு வலது தோள். முதல் நாள் எந்தக் கம்பு வாய்த்ததோ, அந்தத் தொழிலை விடும் வரை அதே கம்பு, அதே தோள்.

"மாத்தவே மாட்டீங்களா?" என்றார் வரதன் சார்.

"மாத்தப்படாதுங்க. காய்ப்புக் கட்டுன தோளுதான் தாங்கும். மாத்துனா நட தவறிப் போகும். நட தவறுனா நாலு பேரும் போச்சு."

மூன்றாம் நாள்தான் ஊர் அவரை ஒதுக்கியதற்கான காரணம் வெளியே வந்தது. அவருக்கு இருபது வயது இருக்கும்போது ஒரு துரையைக் கீழே இறக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இறங்கும்போது இடது கைப் பக்கம் பள்ளம், வலது கைப் பக்கம் மலை. ஒரு திருப்பத்தில் இடப் பக்கக் கம்பின் பின் ஆள் தோளை மாற்றியிருக்கிறான். கம்பு துள்ளி, அதே கம்பின் முன்னால் நின்ற சின்னாண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. நாற்காலி மலைப் பக்கம் சாய்ந்ததால் துரை பிழைத்துக்கொண்டார். சின்னாண்டி, மொக்கையனின் அக்கா கணவர். அக்கா அப்போது ஏழு மாதம்.

"தோள மாத்துனது நான்னு ஊரே சொல்லுதுங்க. நான் வலப் பக்கத்துக் கம்புல பின் ஆளுங்க. மாத்துனவன் வேற. அவன் அந்த மாசமே கண்டிச் சீமைக்குக் கப்பலேறிட்டான். போறதுக்கு முந்தி நான்தான்னு ஊருக்குள்ள சொல்லிட்டுப் போய்ட்டான். நாலாவது ஆளும் அடுத்த வருசம் காய்ச்சல்ல போய்ட்டான். எனக்குச் சாட்சி யாரு?"

அக்காவுக்குப் பிறந்த பெண் பேச்சியம்மாள். அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தாள், அதே ஊரில் பேரன் பேத்தியோடு இருந்தாள். அவளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டுமே, பக்கத்து ஊரிலிருந்து முறைக்கு ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அவள் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் மொக்கையன் தட்டு தூக்கிக்கொண்டு போனார். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தாகம் என்று நின்றாலும் அந்த வீட்டில் தண்ணீர் கிடையாது.

"அக்கா போய்ச் சேந்துட்டா. இந்தப் புள்ள ஒரு தடவ மாமான்னு கூப்புட்டுட்டா, எனக்கு அது போதுங்க" என்றார்.

வரதன் சார் "சந்தோஷம்" என்று சொல்லவில்லை. ஊரில் விசாரித்தோம். எட்டுப் பேர் கதை சொன்னார்கள், எட்டுப் பேரும் "மொக்கையன் தோள மாத்துனான், சின்னாண்டி சோலி முடிஞ்சது" என்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். பேச்சியம்மாள் எங்களிடம் பேசவே இல்லை. குறிப்பேட்டில் எட்டுப் பேருக்கும் நான் பெருக்கல் குறி போட்டேன். மொக்கையனுக்குக் கேள்விக்குறி. எங்களிடம் அது பெரிய மரியாதை.

கிளம்பும் நாளில் அவரே சொன்னார்: "அன்னைக்கு வெள்ளனே கொடைக்கானல் பங்களா வாசல்ல எங்கள நிக்க வச்சு ஒரு வெள்ளைக்காரரு படம் எடுத்தாரு. துரை நாற்காலியில, நாங்க நாலு பேரும் அவுக அவுக எடத்துல. அது எங்கனயாச்சும் கெடக்கும். தேடிப் பாருங்க. நான் எந்தக் கம்புன்னு அதுல தெரியும்."

நாங்கள் தேடினோம். அந்தப் பங்களா அதே குடும்பத்திடம்தான் இருந்தது. அவர்கள் சீமையில் இருந்தார்கள்; பார்த்துக்கொண்டவர் பட்லர் அந்தோணி. ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்கள். உறைகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து, இரண்டாம் நாள் அந்தக் கண்ணாடியை எடுத்தேன். உறையில் மொக்கையன் சொன்ன துரையின் பெயரும், கீழே இறங்கிய நாள் என்ற குறிப்பும் இருந்தன.

"ஹவுஸ்ல வச்சு என்ன வேணா பண்ணுங்க சார். கண்ணாடி பிளேட் கேட்டைத் தாண்டக் கூடாது. மேடத்துக்குத் தெரிஞ்சா என் ஜாப் போயிரும்" என்றார் அந்தோணி.

பங்களாவின் குளியலறையில் ஜன்னலுக்குக் கம்பளியை அடித்து இருட்டாக்கினேன். கண்ணாடியின் ஒரு பக்கம்தான் படம் படிந்திருக்கும். அந்தப் பக்கம் ஓரங்களில் காய்ந்த கஞ்சி போல உரிந்துகொண்டிருந்தது. வழக்கப்படி அந்தப் பக்கத்தைத்தான் காகிதத்தோடு ஒட்ட வைத்து ஒளி காட்ட வேண்டும். வைத்து அழுத்தினால் படலம் காகிதத்தோடு பெயர்ந்து வந்துவிடும் என்று பயந்தேன். அதனால் கண்ணாடியைத் திருப்பி, வழவழப்பான பக்கத்தைக் காகிதத்தின் மேல் வைத்தேன். படலத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. படம் மட்டும் கொஞ்சம் மங்கலாக வந்தது. பழைய நெகட்டிவ், அப்படித்தான் வரும் என்றேன். வரதன் சார் என் முதுகைத் தட்டினார். என் வேலையில் எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இன்றும் நினைவிருக்கிறது, அதனால்தான் இன்றும் கூசுகிறது.

காயும் முன்பே படத்தைப் பார்த்தோம். பின்னால் இரண்டு பேர். அதில் மொக்கையன் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவரே சொல்லட்டும் என்றார் வரதன் சார். "அவர் படத்தைப் பார்க்கிற முகம் எனக்கு வேணும். முன்னாடியே காட்டிடாதே."

மறுபடியும் அடுக்கம். மொக்கையன் கல்லில் உட்கார்ந்திருந்தார், மேலே துணி இல்லை. நான் டேப்பை நீட்டி லென்ஸிலிருந்து அவர் தோள் வரை தூரம் அளந்தேன். டேப்பின் நுனியை அங்கே இருந்த பெரிய காய்ப்பின் மேல்தான் வைத்துப் பிடித்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: 'இடது தோள், நான்கு அடி.' கேமரா ஓடத் தொடங்கியது. வரதன் சார் படத்தை அவர் கையில் கொடுத்தார்.

"இந்தா நான்!" என்றார் மொக்கையன். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. "இந்தா, தலப்பாவோட நிக்கேன் பாருங்க. இது எங்க மச்சான். ஐயோ, மச்சான்!"

பிறகு சிரிப்பு நின்றது. படத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுபோனார். படத்தில் அவர் இடப் பக்கக் கம்பின் பின் முனையில் நின்றார். மச்சான் எந்தக் கம்பில் நின்றார் என்று அப்போது நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"இது… நான் அந்தப் பக்கமில்லீங்களே."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கிழவரின் வலது கை மெல்ல எழுந்து இடது தோளைத் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது. "படம் பொய்யி சொல்லாதுல்ல?" என்று கேட்டார். ரீல் தீர்ந்தது.

"சந்தோஷம்" என்றார் வரதன் சார்.

ஆள் பிடிபட்டுவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். எவ்வளவு நன்றாகப் பேசினான், எப்படி நம்ப வைக்கப் பார்த்தான் என்று இறங்கும் வழியெல்லாம் மனதுக்குள் திட்டினேன். காய்ப்பைப் பற்றி நினைத்தேன்தான். பின்னாளில் காய்கறி மூட்டை சுமந்து வந்ததாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேள்விக்குறியை அடித்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டேன். பேனா அழுத்தி அந்தத் தாள் கிழிந்தது.

மூன்று மாதம் கழித்துச் சென்னையில் எடிட்டிங் மேசை. சிறிய திரையில் முதலில் அந்தப் புகைப்படம், அடுத்து மொக்கையனின் தோளும் கையும். வரதன் சார் அந்த இரண்டையும் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் உச்சமே இதுதான் என்றார். நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. புகைப்படத்தில் கம்பு அவருடைய வலது தோளில் இருந்தது. அடுத்த ஷாட்டில் அவர் தடவிய காய்ப்பு இடது தோளில். தோள் மாற்றவே கூடாது என்று அவர் சொன்னது ஒலிநாடாவில் இருக்கிறது.

"சார், புகைப்படத்தை நிறுத்துங்க" என்றேன். நாற்காலியில் இருந்த துரையின் கோட்டைப் பார்த்தேன். மேல் பை வலது மார்பில் இருந்தது. பொத்தான்கள் பெண்கள் சட்டை மாதிரி எதிர்ப் பக்கம் பூட்டியிருந்தன. எந்தத் தையற்காரனும் ஒரு துரைக்கு அப்படித் தைத்திருக்க மாட்டான். இடப் பக்கக் கம்பில் போய் விழுந்த சின்னாண்டியும் படத்தில் வலப் பக்கக் கம்பில் நின்றார்.

குளியலறையில் கண்ணாடியைத் திருப்பி வைத்ததைச் சொன்னேன். திருப்பி வைத்தால் இடம் வலமாகும் என்று எனக்குத் தெரியாதா? நாலு வருடம் கழுவியவன். மலையும் ஏரியும் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன என்று பழகிய கை. மனிதன் நின்ற இடத்தையும் அப்படியே திருப்பிவிட்டது. உலகத்தையே சந்தேகப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் என் கையைச் சந்தேகப்படவில்லை.

வரதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "சரியான பக்கத்துல ஒண்ணு போடு. நீயே கொண்டுபோய்க் கொடு. அவர் என்ன சொல்றாரோ அதுதான் படம்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மறுபடி அந்தோணியிடம் போய், உரிந்தாலும் உரியட்டும் என்று படலப் பக்கத்தையே காகிதத்தில் வைத்துப் புதுப் படம் போட்டேன். அங்கிருந்து அடுக்கத்துக்குத் தனியாக இறங்கினேன். வழி நெடுக என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மொக்கையனின் வீடு பூட்டிக் கிடந்தது. போய்விட்டாரோ என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வெளியே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "அவரு பேச்சியம்மா வீட்டுல இருக்காரு. இப்ப அங்கனதான் சோறு தண்ணி எல்லாம்" என்றார்.

நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாள் வீட்டுக்குப் பின்னால், பூண்டு காயப்போட்ட இடத்தில் மொக்கையன் உட்கார்ந்து பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, அங்கிருந்த கொட்டகைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார்.

நான் புதுப் படத்தை அவர் கையில் கொடுத்தேன். "தப்பு என்னுதுங்க ஐயா. கண்ணாடியத் திருப்பி வச்சுட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. நீங்க வலப் பக்கக் கம்புலதான் நின்னீங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. கம்பு தாங்கிய இடது தோளைப் படத்தில் விரலால் தொட்டார்.

"தெரியும் தம்பி. நீங்க டேப்பு வச்சுப் புடிச்ச தோளு எதுன்னு ஒங்களுக்கு மறந்தாலும் எனக்கு மறக்குமா?"

"அப்புறம் ஏன் ஐயா…"

"நீங்க போன மறுநாளு அந்தப் புள்ள வாசல்ல போயி நின்னேன். படம் வந்துருச்சுத்தா, நாந்தான் தோள மாத்துனேன், என்ன மன்னிச்சிருன்னு சொன்னேன். அழுதா. ஏசுனா. அப்புறம் ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா." குரலைத் தாழ்த்தினார். "அம்பது வருசமா மெய்யச் சொன்னேன், ஒரு வாய் தண்ணி கெடைக்கல. எனக்கு இன்னும் எத்தன நாளு? இத உள்ள வையிங்க தம்பி. வெரசா வையிங்க."

படத்தைப் பைக்குள் வைத்தேன். இவ்வளவு பெரிய பொய்யை நான் அதற்கு முன் கேட்டதில்லை, அதற்குக் காரணமும் நானே. எடுத்துப் போய் பேச்சியம்மாளிடம் காட்டிவிடலாமா என்று நினைத்தேன். காட்டினால் அவள் நம்புவாளா? ஒரு படத்தை நம்பியவள் இன்னொன்றை நம்ப மாட்டாளா? நம்பினால், ஐம்பது வருடம் அவரை வாசலில் நிறுத்தியதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, சோறு ஆறுது. யாரு அது, படம் எடுத்த தம்பியா? கூட்டியாங்க."

என்னால் மறுக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்தாள். என்னிடம் அதுவரை பேசாதவள், சோற்றைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"நீங்க மட்டும் அந்தப் படத்தத் தேடிக் கொண்டாராட்டி இவரு வாயத் தொறந்துருக்கவே மாட்டாரு தம்பி. எங்கம்மா சாகுற மட்டும் இத ஒத்துக்கிடச் சொல்லித்தான் கெஞ்சுனா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." கரண்டியை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். "ஆனாலும் ஒரு ரோசனை. சில நேரம் இவரு மொகத்தப் பாத்தா, செஞ்சவரு மொகம் மாதிரி இல்லையேன்னு தோணுது. நீங்க தொழில் தெரிஞ்சவுக. படம் பொய் சொல்லாதுல்ல?"

வரதன் சார் சொல்லிக் கொடுத்திருந்தார், கேள்விக்குள் பதில் இருக்கக் கூடாதென்று. அவள் கேள்விக்குள் என் பதில் இருந்தது. மொக்கையன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"சொல்லாதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் குழம்பு எடுக்க உள்ளே போனாள். வாயில் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை. மொக்கையன் அந்த வீட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.